மாட்டைப் பற்றி மட்டும் மனம் விட்டுப் பேசுகிறவர்

அப்பாக்களில் பல வகை உண்டு. அவற்றில் ‘காவல் அப்பா’ என்றொரு வகை இப்போது எல்லா ஊரிலும் பெருகிவருகிறது. பிள்ளையை யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே இவருக்குப் பாதி முடி கொட்டியிருக்கும். அந்த ‘ஏதாவது’ என்னவென்று மட்டும் பிள்ளையிடம் சொல்லமாட்டார். சொன்னால் பிள்ளை கெட்டுப்போய்விடுமாம்.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளிக் கோபிநாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு, எட்டுக் கறவை மாடு, நாலாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள் மௌனிகா. காலையில் பல் துலக்கும் முன்பே, ‘கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வழியாகப் பிள்ளை பிடிக்கிற கூட்டம் நுழைந்துவிட்டது, உடனே பகிரவும்’ என்று வாட்ஸாப்பில் நான்கு குழுக்களுக்கு அனுப்பி, கேட்டில் ஒன்று, தோப்பில் ஒன்று, கொட்டகையில் ஒன்று என்று கேமரா மாட்டி, போன மாதம் போர்வை விற்க வந்த ஒருவரைப் பிடித்து மூன்று மணி நேரம் உட்கார வைத்து, அவருடைய ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் இவர். போர்வைக்காரர் பிள்ளை பிடிக்கவில்லை. அன்றைக்குப் போர்வையும் விற்கவில்லை.

இப்படிப்பட்டவர் சந்தோஷப்படுவார் என்று நம்பித்தான், பள்ளிக்கூடத்துக் கவுன்சிலிங் டீச்சர், பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றியும் வேண்டாத தொடுதலைப் பற்றியும் பேச ஒரு வகுப்பு வைக்கப் பார்த்தார். பி.டி.ஏ. பிரசிடென்ட் யார்? நம் ஆள்தான்.

“ஏனுங்க டீச்சர், ஒண்ணுந் தெரியாத புள்ளைங்களுக்கு இதையெல்லாஞ் சொல்லிக் குடுத்தா, அப்பறம் அதுங்களுக்குத் தெரிஞ்சு போயிராதுங்களா?”

வகுப்பு ரத்தானது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடந்தது.

அதற்காக அவரைக் கூச்ச சுபாவம் என்று சொல்லிவிடாதீர்கள். மாடு என்று வந்துவிட்டால் அவருக்குக் கூச்சமே கிடையாது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வெள்ளச்சி காளைக்குக் கத்துவதையும், போன தடவை ஏன் சினை நிற்கவில்லை என்பதையும், செவலைக்கு நஞ்சுக்கொடி விழ எத்தனை நேரமானது என்பதையும், இட்லியைப் பிட்டபடி பால் சொசைட்டிக்காரருக்குப் போனில் விளக்குவார். ஒரு நாள் மௌனிகா, “எனக்கும் உள்ளுக்குள்ள அப்படியெல்லாம் இருக்குதுங்களாப்பா?” என்றாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“பொட்டப் புள்ளைக்கு என்ன பேச்சு இது!”

அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நல்ல வளர்ப்பு என்று அவர் மகிழ்ந்தார்.

ஜூன் மாதத்திலிருந்து அவளை டியூஷனுக்குக் காரில் கூட்டிப்போவது சென்னியப்பன். கோபிநாத்தின் பால்ய சிநேகிதர். போர்வைக்காரரை விசாரித்தபோது அதிகமாகக் கத்தியவரும் அவர்தான். “நான் அந்த மாமா கார்ல போகலீங்கப்பா” என்று மௌனிகா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சோம்பேறித்தனம் என்று தீர்ப்பாகிவிட்டது.

போன சனிக்கிழமை காலை, சினை ஊசி போட மாட்டு டாக்டர் ரிஞ்சு வந்தார். மலையாளப் பெண், நன்றாகத் தமிழ் பேசுவார்; ‘மகளே’ மட்டும் ‘மோளே’ என்று வரும். வெள்ளச்சி விட்ட உதையில் வாளி எகிறிப் போய் விழுந்தது. கோபிநாத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

“புடிக்காத கை பட்டா உதைச்சுப்போடுமுங்க டாக்டரம்மா. ஒசந்த ரகமுங்க!”

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மௌனிகா கேட்டாள்: “நானும் உதைக்கலாமுங்களாப்பா?”

“உள்ள போ அம்மிணி.”

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் குந்தினார். “யாரை, மோளே?”

“சென்னியப்பன் மாமாவை. கார்ல பக்கத்துல இழுத்து இழுத்து உக்கார வெக்கறாருங்க. வேண்டாம்னாலும் கைய எடுக்க மாட்டேங்கறாரு. அப்பாகிட்டச் சொல்லலாம்னா, என்னன்னு சொல்றதுன்னே தெரியலீங்க.”

கோபிநாத் வாயைத் திறந்தார். ஒன்பது வருடமாக மகளிடம் பேசாத பேச்சு, அந்த ஒரு நிமிடத்தில் எங்கிருந்து வரும்?

டாக்டர்தான் பேசினார். “உதைக்கலாம் மோளே. கத்தலாம். யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். உன் மேல ஒரு தப்பும் இல்லை.” சொல்லிவிட்டு, குந்திய இடத்திலிருந்து எழாமலே குழந்தைகள் உதவி எண்ணான சைல்டுலைனுக்குப் போன் போட்டார். மௌனிகா அவர் கையை விடவில்லை.

கோபிநாத்தின் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதல்லவா? வரட்டும், நியாயம்தான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, “என்ன படிக்கறீங்க?” என்று உங்கள் பிள்ளை எட்டிப் பார்த்தது. சட்டென்று பக்கத்தைத் திருப்பினீர்களே, எதற்கு?