சப்பாத்து அண்ணையும் கறுப்புப் பிள்ளையாரும்

ஜெர்மனியில் உள்ள தமிழர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாலும், ஆளின் முகத்தைப் பார்க்கும் முன் காலில் போட்டிருக்கும் சப்பாத்தின் அடியைப் பார்ப்பவர் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் ஹம் நகரத்துச் சப்பாத்து அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டும் தெரியும்.

அண்ணை வேலை செய்தது ஓர் உணவுத் தொழிற்சாலையில். அங்கே உள்ளே போகிறவர்களின் சப்பாத்தைச் சுழலும் தூரிகைகள் துலக்கிய பிறகே கதவு திறக்கும். இருபத்தாறு வருடம் அந்தக் கதவால் போய் வந்த மனிதருக்கு, துலக்காத சப்பாத்தோடு ஓர் இடத்துக்குள் நுழைவது களவெடுப்பது போலவே பட்டது.

இலையுதிர்கால விடுமுறைக்கு ஏழு குடும்பங்களைச் சேர்த்து லன்சரோட்டே தீவுக்குக் கூட்டிப் போகிறவரும் அவர்தான். எரிமலை கக்கிய கறுப்புப் பாறைகள் நிறைந்த தீவு அது. அங்கே தூரிகைக் கதவு இல்லை என்பதால் அண்ணையே கதவானார். டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, கையில் பழைய பல்தூரிகையோடு குந்தினார்.

"காலைத் தூக்குங்கோ தம்பி."

"அண்ணை, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். உங்கட சப்பாத்தில ஒட்டியிருக்கிற ஹம் புல்லு விதை அங்க போய் முளைச்சா, நீங்களோ போய்ப் புடுங்கிறது?"

இது விமான நிலையத்தின் சேவை என்று நினைத்து, வயதான ஜெர்மன் பெண்மணி ஒருவர் எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். அண்ணை அவருடைய சப்பாத்துகளையும் துலக்கி, நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்.

தீவில் இறங்கியதும் அவருடைய சட்டங்கள் இன்னும் இறுகின. ரோல்ஸ் சாப்பிட்டவர்களின் நாடிக்குக் கீழே கடதாசிப் பை பிடித்தார், ஒரு துணிக்கையும் விழக் கூடாதாம். பாறைகளில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்த கற்பாசியை நான் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

"இது இவ்வளவு வளர எத்தினை வருசம் செண்டிருக்கும் தெரியுமோ? பாதையை விட்டு இறங்கினியளெண்டா, உங்கட காலடி உங்கட பேரப்பிள்ளையள் வந்து பாக்கேக்கையும் இருக்கும். பேர் எடுக்கிற வழி உதில்லை."

எங்கள் வழிகாட்டியான தீவுப் பெண் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். வழக்கமாகப் பெரிய குழுக்களை விடாத ஒரு பாறைவெளிக்கு, அண்ணையை நம்பி எங்களைக் கூட்டிப் போனார். அண்ணை நெஞ்சில் கைவைத்து ஜெர்மனில் அவருக்கு வாக்குக் கொடுத்தார்: ஒரு கல்லும் வெளியே போகாது, நான் பொறுப்பு.

அந்த வெளியில்தான் என் மனைவி வசந்தா அதைக் கண்டாள். உள்ளங்கை அளவு கறுப்புக் கல். தொந்தியும், வலப்பக்கம் வளைந்த தும்பிக்கையும்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையார்!"

"வைச்சிட்டு வா," என்றேன்.

அவளுக்கு அடுத்த மாதம் முழங்கால் சத்திரசிகிச்சை. திரும்ப நடப்பேனோ என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் அடங்கிவிட்டேன். புறப்படும்போது அண்ணை எல்லோருடைய பொக்கற்றையும் பையையும் சோதித்தார். வசந்தாவின் புட்டுப் பெட்டியைத் திறக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்: "கல் ஒன்று. கறுப்பு. பாதையின் இடது ஓரம், நான்காம் கம்பத்திலிருந்து பதினொரு அடி. எடுத்தது வசந்தா. பேசாமல் இருந்தது நான்."

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. கல் சாமியறைக்குப் போய், சந்தனமும் குங்குமமும் பெற்று, முழுப் பிள்ளையார் ஆகிவிட்டது.

பத்து மாதம் கழித்து அண்ணை வசந்தாவின் காலைப் பற்றிச் சுகம் விசாரிக்க வந்தார். வழக்கம்போலச் சாமியறையில் கண்மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"தங்கச்சி, இவர் எப்ப வந்தவர்?"

"ஒப்பரேஷனுக்கு முதல், அண்ணை. இவராலதான் நான் நடக்கிறன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிலத்திலேயே அமர்ந்துவிட்டார்.

"நான் அந்த வழிகாட்டிப் பிள்ளைக்கு நெஞ்சில கைவைச்சுச் சொன்னனான். வாற மாசம் போய் என்னெண்டு முகத்தில முழிக்கிறது?"

"கும்பிட்ட சாமியைத் திருப்பி அனுப்ப ஏலாது அண்ணை," என்றாள் வசந்தா.

அண்ணை பிள்ளையாரின் பக்கம் கையை நீட்டினார்.

"நாங்களும் விரும்பியோ ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்? இவரையும் ஒருத்தரும் கேக்கேல்லை. இவருக்காவது வீட்ட போற வழி திறந்து கிடக்கு, தங்கச்சி."

வசந்தா மூன்று நாள் பிள்ளையாருக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சந்தனம் வைத்தாள். நாலாம் நாள் சந்தனத்தைக் கழுவி, கல்லைக் கொண்டுபோய் அண்ணையின் கையில் வைத்தாள். "நீங்களே கொண்டு போங்கோ. நான் வந்தா விடமாட்டன்."

அண்ணை புதுப் பல்தூரிகை வாங்கி, குங்குமம் ஒரு பொட்டும் இல்லாமல் பிள்ளையாரைத் துலக்கினார். நான் நாட்குறிப்புப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு கூடப் போனேன். விமான நிலையச் சோதனையில் அதிகாரி கல்லைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"கடவுள். வீட்டுக்குப் போகிறார்," என்றார் அண்ணை ஜெர்மனில்.

அதிகாரி கல்லைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

தீவில் வழிகாட்டிப் பெண்ணிடம் அண்ணை எங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. சோதித்தது தான்தான், பிழையும் தன்னுடையதுதான் என்றார். அந்தப் பெண் எங்களுக்கு முன்னால் பாறைவெளிக்கு நடந்தார். நான்காம் கம்பத்திலிருந்து அளந்தேன். பதினோராவது அடியில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. பிள்ளையார் அதில் அசையாமல் பொருந்தினார். அண்ணை ஒரு படம் எடுத்தார். "இங்கயிருந்து கொண்டு போறதெண்டா இது ஒண்டுதான்."

அந்தப் படம் இப்போது எங்கள் சாமியறையில் இருக்கிறது. அதன் மூலையில் தூசியே இல்லாத அண்ணையின் சப்பாத்து நுனியும் தவறுதலாக விழுந்துவிட்டது. சாமியறையில் சப்பாத்தா என்று, கடையில் கொடுத்து அதை வெட்டப் போனேன்.

"வெட்ட வேண்டாம், இருக்கட்டும்," என்றாள் வசந்தா.

அண்ணை இப்போது மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் வசந்தா படத்தைத் துடைத்துப் பிள்ளையாருக்குச் சந்தனம் வைக்கிறாள். துணி முதலில் போவது அந்தச் சப்பாத்துக்குத்தான்.