ரயில்பெட்டியை அளக்கப் போய்

எதைப் பார்த்தாலும் அதன் நீளம் என்ன, அகலம் என்ன என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மூன்று மீட்டர் ஸ்டீல் டேப் இருக்கும். கல்யாணத்தன்றும் இருந்தது. (அன்று ராத்திரி நான் கட்டிலை அளந்ததாக என் மனைவி கோமதி சொல்லித் திரிவது பொய். அளந்தது ஜன்னலை.)

அளந்ததை எழுதி வைக்க வேண்டுமே, அதற்கு ஒரு நாட்குறிப்பு. நாளுக்கு ஒரு பக்கமாவது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மணி, நிமிடம். உணர்ச்சி, கவிதை எதுவும் கிடையாது. நடந்தது நடந்தபடி.

இவை போதாதென்று மாதிரி ரயில் என்ற கிறுக்கு வேறு. நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரிகள். (பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் அன்று முழுக்க அவர்களோடு பேச மாட்டேன்.) வெளிநாடு போனால் கோயில், கடற்கரை எதற்கும் முன்னால் அந்த ஊர் உள்ளூர் ரயிலில் ஏறிவிடுவேன். அதன் மாதிரி கடையில் கிடைத்தால் வாங்குவேன். கிடைக்காவிட்டால் அளவெடுத்து வந்து தகரத்தில் நானே செய்வேன். இந்த மூன்று கிறுக்கும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டது சில வருடங்களுக்கு முன்பு யாங்கோனில்.

கோமதியின் அப்பா அங்கே பிறந்தவர். சின்ன வயதில் இந்தியா வந்துவிட்டார். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். ஏதோ மனத்தாங்கலில் அண்ணன் தம்பி இருவருக்கும் சாகும்வரை பேச்சு இல்லை. அந்த அண்ணனின் மகன் சண்முகம், கோமதியை எப்படியோ போனில் கண்டுபிடித்து, ஒன்றரை வருடம் வீடியோவில் பேசி, வந்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். விமானத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கோமதி சொன்னாள்: “ஒரு வாரம்தான். எங்க அண்ணன் வீட்டுல என் மானத்தைக் காப்பாத்துங்க. ரெண்டு தலைமுறைக்கு அப்புறம் ஒட்டுது.”

காப்பாற்றுவதாகச் சொன்னேன். (சொன்ன நேரம் 10.52. எழுதி வைத்திருக்கிறேன்.)

சண்முகத்துக்கு அங்கே ஊ தான் சோ என்று பர்மியப் பெயரும் உண்டு. கோயிலுக்கு ஒரு பெயர், ஆபீசுக்கு ஒரு பெயர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. அவர் மனைவி தேவகி அக்கா மட்டும் கோயில் வகுப்பில் தமிழ் எழுத்து கற்றவர். நாங்கள் தங்கியது ஓட்டலில்; சாப்பாடு மூன்று வேளையும் க்யிம்யிண்டைங் பகுதியில் அவர்கள் வீட்டில். காலையில் மொஹிங்கா. மீன் குழம்பில் ஊறிய அரிசி நூடுல்ஸ் அது. அக்கா இருட்டோடு எழுந்து செய்வார். தட்டை நீட்டும்போதே, “நல்லா இருக்கா தம்பி?” என்பார். பிரமாதம் என்பேன். ஓட்டலுக்குப் போய் உண்மையை எழுதுவேன்.

மூன்றாம் நாள் சண்முகம் மச்சான் என்னை லத்தாவுக்குக் கூட்டிப்போனார். மொத்த வியாபாரத் தெருக்கள். பொம்மைக் கடைகள் வரிசையாக இருந்தன. யாங்கோன் நகரைச் சுற்றி ஓடும் உள்ளூர் ரயிலில் ஜப்பானில் ஓடி ஓய்ந்த பெட்டிகள் சிலவற்றைப் போட்டிருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். நிஜமே இங்கே ஓடும்போது மாதிரி இருக்காதா என்பது என் கணக்கு. நாலாவது கடையில் ஓர் அம்மாள் பேட்டரி ரயில் ஒன்றை எடுத்து வைத்தார். அது பாடியது, சிவப்பாகக் கண் சிமிட்டியது, சுவரில் முட்டிக் குட்டிக்கரணம் போட்டது. நான் வெர்னியர் காலிப்பரை எடுத்துச் சக்கரங்களின் இடைவெளியை அளந்தேன். அம்மாள் ஏதோ கேட்டார்.

“எத்தனை வயசுப் புள்ளைக்குன்னு கேக்குறாங்க மாப்ளே.”

ஐம்பத்திரண்டு என்றேன். மச்சான் அவரிடம் ஐந்து என்று சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது.

நாலாம் நாள் ரயிலிலேயே ஏறினோம். ஒரு சுற்று வர மூன்று மணி நேரம். கீரைக் கட்டுகளும் வெங்காய மூட்டைகளும் ஆட்களைவிட வசதியாக உட்கார்ந்து வந்தன. கதவுக்கு மேலே ஜப்பானிய எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. பார்த்ததும் மனசு பறிபோயிற்று. இதன் மாதிரியைச் செய்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாம் நாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். ஒரு சின்ன ஸ்டேஷன். (பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர்.) பக்கத்துத் தண்டவாளத்தில் அதே பெட்டி ஒன்று சும்மா நின்றது. கதவு அகலம், படி உயரம், ஜன்னல் இடைவெளி எல்லாம் அளந்தேன். சும்மா இருந்த நேரத்தில் வந்து போன ரயில்களின் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். மச்சான் இரவல் கொடுத்த லோஞ்ஜியைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அதையும் மறு கையால் டேப்பையும் பிடித்தபடி பெட்டியின் அடியில் பாதி நுழைந்திருந்தபோது என் காலை யாரோ தட்டினார்கள்.

வெளிநாட்டு ஆள், உள்ளூர் உடை, கையில் டேப், நோட்டு நிறைய நேரங்கள். இன்றைக்கு யோசித்தால் நானே என்னைப் பிடித்துக் கொடுத்திருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னை அறையில் உட்காரவைத்து டீ கொடுத்து, நோட்டைப் புரட்டினார். ரயில் படங்கள் அவருக்குப் புரிந்தன. மீதிப் பக்கங்கள்தான் அவரைக் கலவரப்படுத்தின. புரியாத எழுத்து, நடுவில் வரிக்கு வரி நேரமும் எண்ணும். போன் செய்து மச்சானை வரவழைத்தேன். அவரோடு அக்காவும் கோமதியும் வந்தார்கள். வாசலில் காய்கறிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

எழுதியிருப்பதை நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். கூடாது என்று ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டினார். கோமதி படிக்கட்டும் என்றார் மச்சான். பெண்டாட்டி புருஷனுக்குச் சாதகமாகத்தான் படிப்பாள் என்றாராம் ஸ்டேஷன் மாஸ்டர். (என் பெண்டாட்டியை அவருக்குத் தெரியாது.) மிச்சம் இருந்தது தேவகி அக்கா.

அப்போதுதான் எனக்கு அந்தப் பக்கங்களில் என்னென்ன இருக்கிறது என்பது வரிவரியாக நினைவுக்கு வந்தது. குனிந்து, “அக்கா, சிலதை விட்டுடலாம்” என்றேன்.

“சாமி பாட்டு படிக்கிற வாய் தம்பி. இருக்கறதத்தான் படிப்பேன்” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் ஒரு வரியில் விரலை வைத்தார். அக்கா எழுத்துக் கூட்டித் தமிழில் படித்தார்: “1.10 புறப்பாடு. 1.25 நின்றது. 1.27 மீண்டும் புறப்பாடு, வேகம் கூடுதல். 2.40 முடிவு.” பிறகு பர்மியத்தில் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் இறுகிவிட்டது. தன் பாதையில் அந்த நேரத்தில் அப்படி ஒரு வண்டியே கிடையாது, இது எந்த ரயில் என்று கேட்டார்.

அக்கா அதற்கு மேலே இருந்த வரியைப் படித்தார். திரும்பி மச்சானைப் பார்த்தார். “இது ரயில் இல்ல. எங்க வூட்டுக்காரரு. மத்தியானம் படுத்து எழுந்தது.” அதையே பர்மியத்திலும் சொல்லி, சந்தேகம் வேண்டாம் என்று குறட்டையையும் விட்டுக் காட்டினார்.

வாசலில் சிரிப்பு வெடித்தது. மச்சான் சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். எது எவ்வளவு கேவலமாக இருந்ததோ, அது அவ்வளவு நம்பும்படி இருந்தது. நான் வீட்டுக்குப் போக வேண்டுமானால் இன்னும் கேவலப்பட வேண்டும். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“7.40 மொஹிங்கா, மூன்றாம் நாள். உப்பு கூடுதல். முள் 11.”

அக்காவின் குரல் மாறவில்லை. பர்மியத்தில் சொன்னார். பதினொன்று சரியா என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டிருப்பார் போல; அக்கா என்னைக் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். வெங்காயக்காரக் கிழவி ஒருத்தி ஏதோ சொன்னாள். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். மச்சான் அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமல் மொழிபெயர்த்தார்: “முள்ளை எண்ணுனவன் மீனை மிச்சம் வச்சிருக்க மாட்டான்னு சொல்லுது.”

கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. அக்கா முதலில் வாய்க்குள் படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்: “9.15 உப்பு பற்றி கோமதியும் அதையே சொன்னாள். அண்ணியிடம் மாற்றிச் சொன்னாள்.”

யாரும் சிரிக்கவில்லை. அதை அவர் பர்மியத்தில் சொல்லவும் இல்லை. கோமதி ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தாள். ரெண்டு தலைமுறைக்குப் பிறகு ஒட்டியதை நான் ஒரே வரியில், அதுவும் நல்ல கையெழுத்தில், பிய்த்துவிட்டேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். உளவு பார்ப்பவன் முள்ளை எண்ண மாட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. ரயில் அளவுகள் இருந்த ஆறு பக்கங்களை மட்டும் ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்து (அந்த நிலையிலும் அதை ரசித்தேன்) மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். மீதியை இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் திருப்பித் தந்தார். எனக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் போயிற்று. பறிமுதல் செய்திருந்தால் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேனே, அந்தப் பக்கங்கள் பத்திரமாக என் கைக்கு வந்தன.

திரும்பும் ரயிலில் நாலு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் ஒரு மூட்டை முள்ளங்கி. நான் நேரம் குறிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கினார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக, கால் மணி நேரம் எழுதினார். என்னிடம் தரவில்லை. கோமதியிடம் நீட்டினார். “சத்தமாப் படி” என்றார்.

கோமதி படித்தாள். “நாத்தனார் திருச்சியில இருந்து கொண்டாந்த முறுக்கு. கல்லு மாதிரி. உங்க அண்ணனுக்குப் பல்லு ஆடுது. அஞ்சு நாளா நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். மச்சான் வாயைத் திறந்து, ஆடும் பல்லை விரலால் அசைத்துக் காட்டினார்.

முதலில் சிரித்தது கோமதிதான். பிறகு அக்காவும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தபோது பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் மொஹிங்காவில் உப்பு சரியாக இருந்தது. கேட்காமலே வாய்விட்டுச் சொன்னேன்.

அந்தப் பெட்டியை நான் கண்மதிப்பில் செய்தேன். கதவு கொஞ்சம் அகலம் என்று என் மனசாட்சிக்குத் தெரியும். அலமாரியின் பின்வரிசையில் நிற்கிறது.

அண்ணியும் நாத்தனாரும் இப்போது வாரம் இரண்டு முறை பேசுகிறார்கள். ஒருவர் சமையலை ஒருவர் கிழிக்கிறார்கள். ஸ்டேஷன் கதை இரண்டு நாட்டு உறவினர்களுக்கும் மனப்பாடம். எங்கள் வீட்டில் யாராவது ஒரு வாய் சாப்பிட்டதும் அவசரமாகப் பிரமாதம் என்றால், கோமதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்: “ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டாலும் இதேதான் சொல்லுவீங்களா?”

போன மாதம் எங்கள் புது மருமகனிடமும் கேட்டாள். கதை தெரியாத பிள்ளை. மகள் ரகசியமாக விளக்கினாள். அவன் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தான். இன்னொரு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்தபடி, “ரசத்துல புளி தூக்கல் அத்தை” என்றான்.

கோமதி அவனுக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.