ஏழாவது காரும் ஒரு கிரிவலமும்

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை போயே தீருவது என்று தசரதன் முடிவு செய்துவிட்டார்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் அவர் சூப்பிரண்டு. அங்கே அவர் இருமினால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டிலோ, இருமவே மனைவி கஸ்தூரியிடம் அனுமதி வாங்க வேண்டும். வாழ்நாளில் அவர் செய்த ஒரே துணிச்சல், பாண்டிச்சேரி டாக்டர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. கூரை மடங்கும். வாங்கிய இரண்டு வருஷத்தில் அது சுமந்ததெல்லாம் கீழ்பென்னாத்தூர் மாமனார் வீட்டு வேர்க்கடலை மூட்டைதான். பாவம், நாற்பதைத் தாண்டி ஒரு நாளும் ஓடியதில்லை.

பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். தலைவர் பிரசாத். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரமணாசிரமம் பக்கம் டீ குடித்துவிட்டு, எல்லாரும் வரிசையாகச் செஞ்சிக்குப் போவதாகத் திட்டம். வாட்ஸப் குரூப்பில் தசரதன் பெயருக்கு நேரே ‘ஏழாவது கார்’ என்று போட்டிருந்தது. அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்த்தார். முன்னால் ஆறு கார், பின்னால் நாலு கார், நடுவில் அவர். ஆயுசில் ஒரே ஒரு தடவை போதும்.

உள்ளதைச் சொன்னால் கஸ்தூரி "இந்த வயசுல ரேஸா?" என்பாள். அதனால் சாமியைத் துணைக்கு இழுத்தார்.

"கஸ்தூரி, கனவுல அண்ணாமலையாரே வந்துட்டாரு. ஞாயித்துக்கிழமை கிரிவலம் வான்னு கூப்பிட்டாரு."

"உங்களையா? அவருக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"பதினாலு கிலோமீட்டர். மத்தியானம் ஆயிடும். தேடாத."

"சரிங்க. நல்லபடியா போய்ட்டு வாங்க."

இருபத்தாறு வருஷத்தில் அவள் எதற்குச் சட்டென்று சரி சொல்லியிருக்கிறாள்? அப்போதே உஷாராகியிருக்க வேண்டாமா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஞாயிறு விடிகாலை கஸ்தூரி வேட்டியும் விபூதித் தட்டுமாக நின்றாள்.

"சட்டையக் கழட்டுங்க. சாமி கூப்பிட்டதுக்கு சட்டை எதுக்கு?"

நெற்றி, மார்பு, கை என்று ஒரு இடம் விடாமல் பட்டை போட்டாள்.

"கோயில் வரைக்கும் கார்ல போய்ட்டு..."

"கிரிவலம் கார்லயா? வாசல்லருந்தே நடங்க. செருப்பும் வேணாம். சாவியக் குடுங்க."

"போனாவது?"

"சாமியே நேர்ல வந்து கூப்பிட்டுட்டாரு, அப்புறம் போன் எதுக்கு?"

தசரதன் நடந்தார். நடந்தாரா, ஓடினார்! காரில்லாவிட்டால் போகிறது, யார் பக்கத்திலாவது தொற்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் கண்ணாலாவது பார்த்துவிடலாம். கல்லும் முள்ளும் குத்த அவர் செங்கம் ரோட்டை அடைந்தபோது டீ முடிந்து கார்கள் கிளம்பிவிட்டன.

அடடா, என்ன அழகு! மஞ்சள், நீலம், பச்சை. ஓரமாக நின்று எண்ணினார். ஐந்து, ஆறு... ஏழாவது சிவப்பு. அவருடைய சிவப்பு!

ஸ்டியரிங்கில் கூலிங் கிளாஸோடு கஸ்தூரி. பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிய கை. பக்கத்தில் அவள் அக்கா அருணாதேவி. கார் அவர் அருகில் மெதுவானது.

"உங்க போன்ல எல்லாத்தையும் பாத்துட்டேங்க. உங்களுக்கு பதிலா நான் வரேன்னு, நீங்க கெளம்புனதுமே குரூப்ல போட்டுட்டேன்."

"கஸ்தூரி, நானும்..."

"வாயத் தொறந்து கேட்டிருந்தா இந்த சீட்டு உங்களுதுதான். இப்போ அக்காவுக்கு குடுத்துட்டேன். எங்களுக்கும் சேத்து கும்பிட்டுக்கங்க."

கார் சீறிப் பறந்தது. நாற்பதைத் தாண்டி, எண்பதையும் தாண்டியிருக்கும். அவர் ஒரு நாளும் கேட்டிராத அந்தச் சத்தம் வளைவில் மறைந்தது. தசரதனுக்குக் கண் கலங்கியது.

கடைசியாக வந்த வெள்ளைக் கார் அவரைப் பார்த்ததும் பிரேக் போட்டது. குரூப் போட்டோவில் தினம் பார்க்கிற முகம். பிரசாத்! அடையாளம் தெரிந்துகொண்டாரே மனுஷன்! தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கண்ணாடி இறங்கியது. ஓர் இட்லிப் பொட்டலம் வெளியே நீண்டது.

"சாப்பிடுங்க சாமி. எங்க டிரிப் நல்லபடியா முடியணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தசரதன் ஆசீர்வாதம் பண்ணினார்.