ஒத்தப்பனை ரோடு ஸ்டேஷனுக்கு மண் சுமந்தவர்கள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

சீனிவாசகம் பணிவுடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சர்க்கரையை அடக்கி வைத்து நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நம் ஒத்தப்பனை ரோடு ஸ்டேஷனுக்கு நூறு வயதாகிறது என்று வியாபாரிகள் சங்கத்தில் விழா எடுத்து நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். அந்த ஸ்டேஷன் கூட்ஸ் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்த குற்றத்துக்காக ஊர் வரலாற்றை எழுதும் தண்டனை எனக்கு. ஒன்றரைப் பக்கம்தானே, பருத்தியும் வத்தலும் ரயிலேறிப் போன கதையை எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று தலையாட்டினேன். மறுநாள் காலையிலேயே சங்கத் தலைவர் ராஜபாண்டியன், அதான் பட்டாசுக் கம்பெனி முதலாளி, வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, எங்க தாத்தா காளியப்பன் குதிரையில போயி வெள்ளைக்காரத் துரையை மறிச்சு, இங்கன ஸ்டேஷன் வச்சாத்தான் ஆச்சுன்னு சொன்னாக. அதை மொத வரியில போடுங்க" என்றார். குதிரை என்ன நிறம் என்று கேட்டேன். வெள்ளை என்றார். சாயங்காலம் திரும்பி வந்து கறுப்பு என்று திருத்தினார்.

அவர் போய் அரை மணி ஆகலை, அவர் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற முனியராஜ் வந்து நிக்காரு. "சார், லைனுக்கு மண்ணு சுமந்தது எங்க தெரு ஆளுக. எங்க பூட்டன் பேரு சங்கிலிமுத்து. ஒரு ஓரத்துலயாவது போடுவீகளா?" ஆதாரம் இருக்காப்பா என்றேன். "முதுகுல தழும்பு இருந்துச்சு சார். அவரோட அதுவும் போயிருச்சு." இதுக்கு மேல என்ன கேக்க? பூட்டிக் கிடக்கிற கூட்ஸ் ஆபீஸ் பரணில் இந்த முழங்காலோடு ஏறி, மூணு நாள் கரையான் மண்ணில் புரண்டு, கடைசியில் லைன் போட்ட காலத்துக் கூலியாள் பட்டியலைக் கண்டுபிடிச்சேன் மச்சான். பதினேழு பேர். நாலாவது சங்கிலிமுத்து. அவருக்கு ஜோடி என்று அஞ்சாவதாக ஒருத்தர்: காளியப்பன், தகப்பன் பேரோட, நம்ம ராஜபாண்டியன் தாத்தாவேதான். குதிரை எதுவும் பட்டியலில் இல்லை.

இதைச் சொன்னால் முதலாளி கோபத்தில் முனியராஜுக்கு வேலை போயிருமோன்னு பயம். சொல்லாட்டி அந்த மனுசன் முகத்தில் எப்படி முழிக்க? பட்டியலைத் தூக்கிக்கிட்டு ராஜபாண்டியன் கம்பெனிக்கே போனேன். தீபாவளி சீசன் நேரம். "இப்ப லோடு ஏறுது அண்ணாச்சி, என்ன இருந்தாலும் விழாவுல வாசிச்சிருங்க" என்று பட்டியலைப் பார்க்காமலே அனுப்பிட்டாரு.

விழாவன்னைக்கு, சிறப்பு விருந்தினரான ரயில்வே அதிகாரி ரயிலிலேயே வந்தாரு. அந்த ரயில் நம்ம ஊர்ல நிக்காது. மாலையோடு நின்ன எங்களுக்குக் கையாட்டிக்கிட்டே போயிட்டாரு. சிவகாசியில் இறங்கி ஆட்டோவில் வந்து சேருமட்டும் கூட்டத்தைப் பிடிச்சு வைக்க என்னை வாசிக்கச் சொன்னாக. வாசிச்சேன். பதினேழு பேரையும், காளியப்பனையும் சேர்த்து, ஒண்ணு விடாம.

ராஜபாண்டியன் மேடைக்கு வந்து பட்டியலை வாங்கி விரல் வச்சுப் பார்த்தாரு. "ஜோடின்னா என்ன அண்ணாச்சி?" "ஒருத்தர் மம்பட்டியால மண்ணை வெட்டிக் கூடையைத் தூக்கி விடுவாரு, இன்னொருத்தர் சுமப்பாரு." அப்புறம் மைக்கிலேயே கேட்டாரு: "ஏலே முனியராஜ், எங்கன மண்ணு போட்டாகன்னு தெரியுமா?" "ஓடைப் பாலத்துக்கு மேக்க, மொதலாளி." ரெண்டு பேரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து போயிட்டாக, ஒருத்தர் பட்டு வேட்டியில், ஒருத்தர் கம்பெனிச் சட்டையில். அதிகாரி வந்து, வடை ஆறி, விழா முடிஞ்ச பிறகு வேட்டியெல்லாம் நெருஞ்சி முள்ளோட ராஜபாண்டியன் வந்தாரு. கண்ணு சிவந்திருந்துச்சு. "குதிரையை எடுத்துருங்க அண்ணாச்சி" என்றார். அம்புட்டுதான்.

எனக்கு அலுத்துப்போச்சு மச்சான். இனி வரலாறு என்ற பேச்சே இந்த வீட்டில் கிடையாது. அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள், தெய்வம் எல்லாருக்கும் நல்ல முழங்காலைத் தரட்டும்.

இப்படிக்கு,
சீனிவாசகம்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் ரெண்டு பேரும் ஒரே பைக்கில் வந்துட்டாக. முதல் கூடையைச் சுமந்தது யார் வீட்டு ஆளுன்னு வழியெல்லாம் சண்டையாம். "எங்க தாத்தா மாதிரி எவன் அண்ணாச்சி சுமந்தான்!" என்கிறார் ராஜபாண்டியன். "உங்காளு வெறும் மம்பட்டி மொதலாளி" என்கிறார் முனியராஜ். திங்கட்கிழமை நான் மதுரைக்குப் போய்ப் பழைய ரயில்வே ரெக்கார்டைப் பார்த்து, தனிப் புத்தகமாகவே எழுதணுமாம். சரி என்று சொல்லித் தொலைச்சுட்டேன்.