சர்வதேச மாநாட்டில் லங்கூர் சார்

இந்தியத் தலைநகரில் குரங்குகள் மதித்த ஒரே தமிழர் எங்கள் லங்கூர் சார்தான். மனிதர்கள் மதித்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். போன வருடம் டாக்டர் எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும்போது, "ஆபீஸ்ல டென்ஷன் ஜாஸ்தியா?" என்று கேட்டார். "ஜாஸ்தி இல்ல சார், ஒருத்தர்தான்" என்றேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் இல்லை. செடிகொடிகளையும் பிராணிகளையும் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் நிர்வாகப் பிரிவு, அவர் தபால் பிரிவு. அம்பாசமுத்திரத்துக்காரர். டெல்லிக்கு வந்து முப்பது வருடம் ஓடியும் அவருடைய தமிழில் தாமிரபரணி வற்றவில்லை. இந்தியைக்கூட அதே ராகத்தில்தான் பேசுவார்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் முள்மரக் காடு. அங்கிருந்து சிவப்பு மூஞ்சிக் குரங்குகள் சரியாக அலுவலக நேரத்துக்கு வரும். எங்களில் பலர் அவ்வளவு சரியாக வருவதில்லை. ஒரு நாள் ஒரு விஞ்ஞானியின் மூன்று வருட ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு போய், மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் கிழித்தது ஒரு தாய்க்குரங்கு. விஞ்ஞானி தலையில் கைவைத்துக்கொண்டு கீழே நின்றார். "விடும் வே, முழுசாப் படிச்ச முத ஆளு அதுதான்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னார் நம்மவர்.

சிவப்பு மூஞ்சிக்கு ஒரே பயம் கறுப்பு மூஞ்சி, நீள வால் லங்கூர். முன்பெல்லாம் லங்கூரைக் கயிற்றில் கட்டிக் கூட்டிவந்து காவலுக்கு வைப்பார்கள். அது சட்டப்படி குற்றம் என்று ஆன பிறகு, லங்கூர் மாதிரியே கத்தத் தெரிந்த ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்களிடமும் ஒருவன் ஒரு வாரத்துக்கு வந்தான். லங்கூர் சார் மூன்று மத்தியானம் அவனுக்குத் தன் தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தார். நான்காம் நாள் அவர் மொட்டை மாடியில் நின்று ஒரு குரல் விட்டார். அடி வயிற்றில் புறப்பட்டு, தொண்டையில் ஒரு முறை இடறி, 'ஊப்... ஊப்... ஊ...ஊப்' என்று நீளும் குரல். குரங்குகள் காட்டுக்குள் ஓடின. கேன்டீன்காரர் எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு ஓடினார். "பாபுஜி, என்னோடது நகல், உங்களோடது அசல்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அந்த ஆள் போய்விட்டான். எங்கள் நிம்மதியும் அவனோடு போயிற்று.

அன்றிலிருந்து சாதகம். காலையில் அலுவலகப் பேருந்தில், மத்தியானம் மாடிப்படியில் ("இங்கதான் வே எதிரொலி நல்லாருக்கு"), சாயங்காலம் நடைப்பயிற்சியில். சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரகத்தின் மதில் ஓரமாக நடந்துகொண்டே அவர் ஒரு குரல் கொடுக்க, காவலுக்கு நின்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காவல் நிலையத்திலிருந்து எனக்குப் போன். நான் வியர்க்க விறுவிறுக்க ஆட்டோ பிடித்துப் போனால், லங்கூர் சார் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் கூரையிலும் குரங்குத் தொல்லையாம். செய்துகாட்டச் சொல்லிக் கேட்டு, குரங்குகளை விரட்டும் வேலையையும் வாங்கிவிட்டார்கள்.

"செவ்வாக்கிழமையும் வரச் சொல்லியிருக்காவ" என்றார் பெருமையாக. ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, அரை நாள் லீவும் போட்டது நான்.

இந்த நிலைமையில்தான் எங்கள் நிறுவனத்துக்கு அந்த சர்வதேச மாநாடு வந்தது. பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி மூன்று நாள். எத்தனையோ நாட்டு விஞ்ஞானிகள். பிப்ரவரி வெயிலில் புல்வெளியில் விருந்து. டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சாப்பாடு உங்க பொறுப்பு. குரங்கு வரக் கூடாது. அந்த ஆளை வெச்சுக்குங்க. ஆனா விருந்தாளிங்க கண்ணுல அவர் படக் கூடாது. விலங்குகளைக் காப்பாத்தலாம்னு வர்றவங்க முன்னாடி நாம விலங்கை விரட்டுறது நல்லாவா இருக்கும்?" என்றார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில், அவருடைய வலது கைக்குக் கீழே இருந்தது. அந்தக் கையை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

லங்கூர் சாரைக் காகிதப்பூப் புதருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். தேநீர் இடைவேளையில் மட்டும், அதுவும் குரங்கு வந்தால் மட்டும், ஒரே ஒரு குரல் என்று சத்தியம் வாங்கினேன்.

முதல் நாள் பதினோரு மணிக்கு ஒரு குரங்கு பிரேசில்காரர் ஒருவரின் தட்டிலிருந்து பக்கோடாவை எடுத்தது. புதருக்குள்ளிருந்து குரல் கிளம்பியது. குரங்கு ஓடியது. பிரேசில்காரரும் கொஞ்ச தூரம் ஓடினார். ஒரே ஒரு அம்மையார் மட்டும் எதிர்த் திசையில், குரல் வந்த பக்கமாகவே ஓடினார், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு. அந்த நேரம் பார்த்து, சத்தியத்தை மறந்து, புதரிலிருந்து இரண்டாவது குரலும் வந்தது.

அவர் பெயர் டாக்டர் ஹெல்கா. வட ஐரோப்பாவிலிருந்து வந்தவர். முப்பது வருடமாகக் குரங்குகளின் குரலையே ஆராய்பவர். நான் குறுக்கே பாய்ந்து, "மேடம், அந்தப் பக்கம் பாம்பு இருக்கு" என்றேன். அவர் இன்னும் வேகமாக ஓடினார். பாம்பு என்றால் விஞ்ஞானிகள் நிற்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, லங்கூர் சார் அதற்குள் ஸ்டூலோடு சமையல் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் மாநாடு முழுக்க அதே பேச்சு. நகரத்து நடுவில், ஒரு ஆராய்ச்சி நிறுவன வளாகத்திலேயே, சுதந்திரமாகத் திரியும் லங்கூர்! டாக்டர் ஹெல்கா தன் நிறைவு நாள் உரையையே மாற்றி எழுதிவிட்டார். நான் டைரக்டரிடம் ஓடினேன்.

"சார், அது நம்ம தபால் செக்‌ஷன் சார்."

"எனக்குத் தெரியும்."

"அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா சார்?"

அவர் என் கோப்பின் மேல் ஒரு கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார். "அவங்க சந்தோஷமாப் போகட்டுமே. நமக்கும் நல்ல பேர். நீங்க சாப்பாட்டைப் பாருங்க."

நான் சாப்பாட்டைப் பார்த்தேன். அதில் எனக்கு இன்றும் வெட்கம்தான்.

லங்கூர் சாருக்கு விஷயம் தெரிந்ததும் முதலில் தலைகால் புரியவில்லை. "ரெக்கார்டு பண்ணியிருக்காவளா? எந்தக் குரலு வே, முதலாவதா, ரெண்டாவதா? ரெண்டாவதுல கொஞ்சம் சளி கெடந்துச்சே!" என்று பதறினார். கிட்டே போய்க் கேட்கிறேன் என்று, பரிமாறுபவர்களின் வெள்ளைக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, தேநீர்த் தட்டோடு டாக்டர் ஹெல்காவின் பக்கத்தில் போய் நின்றார். அந்த அம்மையார் தன் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "இளம் ஆண். அனுபவம் போதாது. அநேகமாகக் கூட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டது. துணை தேடி அலைகிறது" என்று.

லங்கூர் சார் தட்டைத் தரையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அனுபவம் போதாதாம் வே. யாருக்கு? எனக்கு! கூட்டத்த விட்டுத் தொரத்திட்டாங்களாம். தொணை தேடுதேனாம்! வீட்டுல தெரிஞ்சா என்ன ஆவும்?"

"சார், அது குரங்கைப் பத்தி..."

"கொரலு என்னுது. அப்ப என்னையப் பத்திதானவே?"

அரை மணி நேரம் கெஞ்சினேன். கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனால் அதன் பிறகு அவர் சொன்னது இன்னும் பெரிய வம்பாக இருந்தது.

"சரி, என்னைய விடும். அந்தம்மா பாவமில்லையா வே? ஊருக்குப் போயி இதை எழுதுவாவ. நாளைக்கு எவனாவது கண்டுபுடிச்சுச் சிரிப்பான். முப்பது வருச ஒழைப்பு. நான் ஒரு கவரு கூடத் தப்பான வெலாசத்துக்கு அனுப்புனதில்ல. இது ஒலகம் பூராவும் போற கவரு வே."

"சார், என் புரமோஷன் ஃபைல் டைரக்டர் டேபிள்ல இருக்கு. தயவுபண்ணி வாயைத் திறக்காதீங்க."

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த முறை சத்தியம் எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு உபாயம் செய்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கு ஃபில்டர் காபி வேண்டும் என்று சொல்லி, இரண்டு பெரிய ஃப்ளாஸ்க்குகளோடு லங்கூர் சாரை அலுவலகக் காரில் சாணக்யபுரிக்கு அனுப்பினேன். அங்கே ஒரு விருந்தினர் மாளிகையில் நம்மூர்க் காபி கிடைக்கும். போகவர, காபி போட்டு வாங்க எப்படியும் இரண்டு மணி நேரம். டாக்டர் ஹெல்காவின் உரை நாற்பது நிமிடம்.

அரங்கம் நிறைந்திருந்தது. அந்த அம்மையார் ஒலிப்பதிவைப் போட்டார். 'ஊப்... ஊப்... ஊ...ஊப்.' திரையில் அந்தக் குரல் அலை அலையாக எழுந்து விழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். அந்த அமைதியில் பின்கதவு கிறீச்சிட்டது. இரண்டு கையிலும் ஃப்ளாஸ்க்கோடு லங்கூர் சார்.

"டிகாக்‌ஷன் தீந்து போச்சாம்" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்பது போல. பிறகு ஃப்ளாஸ்க்குகளை என் கையில் திணித்துவிட்டு நடுவழியில் நடந்து போனார். இரண்டு கையிலும் ஃப்ளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் யாரையும் தடுத்து நிறுத்த முடியாது.

"எக்ஸ்க்யூஸ் மி மேடம். வெரி சாரி. தட் இஸ் மீ."

அவருக்குப் புரியவில்லை. லங்கூர் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மூச்சை இழுத்தார். விட்டார் ஒரு குரல்.

அரங்கத்துக்கு மேலே தகரக் கூரை. அதன் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிய சத்தம், தடதடவென்று ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய் அடங்கியது. நான் டைரக்டரைப் பார்த்தேன். டைரக்டர் கூரையைப் பார்த்தார்.

டாக்டர் ஹெல்காவின் முகம் கன்றிவிட்டது. ஒலிப்பதிவை நிறுத்தினார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். பிறகு மெதுவாக, "இன்னொரு முறை செய்ய முடியுமா?" என்று கேட்டார். கருவியை அவரிடம் நீட்டினார். இரண்டு குரல்களையும் திரையில் மேலும் கீழுமாகப் போட்டார். கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டும் ஒன்று.

"என் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார் அவர். "அச்சில் வருவதற்கு முன்னால் என் தவறைச் சொன்ன இந்த சக ஆராய்ச்சியாளருக்கு நன்றி."

சக ஆராய்ச்சியாளர்! தபால் பிரிவுக்கு இது போதாதா? ஆனால் லங்கூர் சார் உட்காரவில்லை.

"ஒன் மோர் கரெக்‌ஷன் மேடம். நாட் யங் மேல். ஃபிஃப்டி செவன். மேரீட்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் டாக்டர் ஹெல்காதான். மத்தியானச் சாப்பாட்டின்போது இருவரும் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஏதேதோ குரங்குக் குரல்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போகவில்லை.

மறுவாரம் எங்கள் இருவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் மழுப்பலாக நான்கு வரி எழுதினேன். லங்கூர் சார் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினார். "மேற்படி நபருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் என்னைத் தடுக்கத் தம்மால் ஆனமட்டும் முயன்றார். அதற்காகவே என்னை அலுவலகக் காரில் காபி வாங்க அனுப்பினார்." அலுவலகக் காரைக் காபிக்கு அனுப்பியதற்காக எனக்கு இரண்டாவது மெமோ வந்தது.

"உள்ளதத்தானவே எழுதினேன்!" என்று திகைத்துப் போனார். பதவி உயர்வு வேறொரு டைரக்டர் வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை தினமும் என் மேசைக்கு வந்து, "வந்துருச்சா வே?" என்று கேட்பார். இல்லை என்றால் தயிர்சாதத்தில் பாதியை வைத்துவிட்டுப் போவார். எனக்குத் தயிர் ஆகாது. பல முறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். குருகிராமில் மகன் வீட்டில், பதினான்காவது மாடியில் இருக்கிறார். அங்கே குரங்கு கிடையாது. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் விட்டதற்கே செக்யூரிட்டி மேலே வந்துவிட்டானாம். கிட்வாய் நகரில் எங்கள் பால்கனிக்குக் குரங்குகள் வந்து என் மனைவி காயவைத்த வடாமைத் தின்ற அன்று அவருக்குப் போன் செய்தேன். மெட்ரோ பிடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் குரங்குகள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போயிருந்தன. அப்படியும் பால்கனியில் நின்று கடமையை முடித்தார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் வீல் என்று அழுதன. பிறகு உட்கார்ந்து எங்கள் காபியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அவருக்குப் போன் செய்தேன்.

"எத்தன உருப்படி வே?" என்றார். குரலில் அவ்வளவு அவசரம்.

எதிரே வேப்பமரத்தில் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது. "நாலு சார். சீக்கிரம் கிளம்பி வாங்க" என்றேன்.