மாலாகை வாத்தியார் கழுத்தில் தொங்கிய மைக்

ஆக்லாந்தில் இருக்கும், சகல மரியாதைக்கும் உரிய என் மூத்த சகோதரி ஓஃபா அவர்களுக்கு, வவாவுத் தீவிலிருந்து தம்பி மாலாகை பணிந்து எழுதுவது. இங்கே நானும் என் வீட்டாரும் பன்றிகளும் கர்த்தர் கிருபையில் சுகம். அங்கே தங்கள் முழங்கால் சுகமா என்று அறிய ஆவல்.

நிற்க. தாங்கள் சபையாரிடம் சொல்லி வாங்கி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கப்பலில் அனுப்பிய கருவியைப் பற்றி நான் போன மாதம் எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து அடுப்பில் போட்டுவிடவும். அதில் ‘ஓட்டை டப்பா’ என்று எழுதியிருந்தேன். டப்பாவில் ஒரு குறையும் இல்லை அக்கா. ஓட்டை என் வாய்தான்.

என் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் லேசியேலிக்குப் பிறவியிலேயே காது மந்தம் என்பது தங்களுக்குத் தெரியும். இரண்டு காதிலும் கருவி இருந்தும், தகரக் கூரையில் மழை விழுந்தால் அவளுக்கு எல்லாமே இரைச்சல்தான். தாங்கள் அனுப்பிய மைக்கை நான் கழுத்தில் மாட்டிப் பேசினால் என் குரல் நேராக அவள் காதுக்குள் போகிறது. முதல் நாள் அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் வகுப்பு முடிந்ததும் அதை அணைக்க வேண்டும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. இடைவேளையில் நான் போன இடமெல்லாம் அவள் காதும் கூடவே வந்திருக்கிறது. சகோதரியிடம் சொல்லக் கூடாத ஓரிடமும் அதில் அடக்கம். அங்கே நான் சத்தமாகப் பாடுவேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைமையாசிரியை ஹீவா அம்மா செய்து கொண்டுவந்த புட்டிங்கைச் சுவர் பூசப் பயன்படுத்தலாம் என்று நான் பக்கத்து வகுப்பு வாத்தியாரிடம் சொன்னதும் அவளுக்குத் தெரியும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை.

மூணாவது நாள், ஆசிரியர் அறையில உக்காந்துகிட்டு, ஹீவா அம்மாகிட்ட நான் புலம்பினேன் அக்கா. இந்த வயசுல கழுத்துல மணி கட்டின ஆடு மாதிரி என்னால திரிய முடியாது, அந்தப் புள்ளைக்கு இங்க இருந்து ஒண்ணும் ஏறப்போறதில்ல, தலைநகரத்துல காது கேக்காத புள்ளைங்களுக்குன்னு இருக்கற வகுப்புக்கு அனுப்பிடுவோம், அதிகாரிக்கு எழுதிப் போடுங்கன்னு சொன்னேன். ஹீவா அம்மாவும் எழுதிட்டாங்க. அங்க போகணும்னா ஒரு நாள் கப்பல். அவ அம்மா இங்க பாய் முடையறவங்க, கூடப் போகவும் முடியாது. அதெல்லாம் அப்ப எனக்குத் தோணவே இல்ல.

மறுநாள்லேருந்து அவ காதுக் கருவியக் கழட்டிச் சாப்பாட்டு டப்பாவுல வச்சுட்டா. கேட்டா தரையப் பாக்கறா. நான் மைக்கைத் தட்டினேன், வெயில்ல காயவச்சேன், தங்களுக்கு அந்தக் கடிதத்தையும் எழுதினேன். ஒரு வாரம் கழிச்சு அவ அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து, ரொம்ப மரியாதையா, “வாத்தியாரே, எம்பொண்ண எந்தக் கப்பல்ல அனுப்பணும்?”னு கேட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னதுன்னேன். “நீங்கதான் சொன்னீங்களாம். அவ காதுலயே சொன்னீங்களாம்.”

வாத்தியார்னு மரியாதைக்கு இடுப்புல சுத்திக் கட்டியிருந்த பாய் இறுகி மூச்சு முட்டின மாதிரி ஆயிடுச்சு எனக்கு. முப்பத்தோரு வருஷமா வாத்தியார். ஒரு புள்ளைகிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல. நாப்பது புள்ளைங்க முன்னாடி கேக்க வாய் வரல. அதனால லேசியேலியக் காதுல கருவிய மாட்டச் சொல்லிக் கெஞ்சிட்டு, நான் மட்டும் மைக்கோட வெளிய போய், பலா மரத்தடியில நின்னு, யாருமில்லாத இடத்தப் பாத்துப் பேசினேன். “லேசியேலி, நான் சோம்பேறித்தனத்துல பேசிட்டேன். நீ போக வேண்டாம். நீ இங்கயே படி. நான்தான் சொல்லிக்குடுக்கக் கத்துக்கணும்.” கிணத்துல பேசற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஜன்னல் வழியா ஒரு கை மட்டும் வெளிய நீண்டு ஆடுச்சு. நான் உள்ள போனதும் அவ சொன்ன மொத வார்த்த: “சார், பச்ச விளக்கு எரிஞ்சா மைக் ஓடுதுன்னு அர்த்தம்.”

அதுக்கப்புறம் அவதான் எனக்கு வாத்தியார். பலகையப் பாத்துக்கிட்டே பேசக் கூடாதுன்னா. வாக்கியத்தோட வாலை முழுங்கறேன்னா. நான் திருத்திக்கிட்டேன். பாத்தா, கடைசி வரிசையில வருஷக்கணக்கா தூங்கினவனுங்களும் முழிச்சுக்கிட்டானுங்க. அவனுங்களுக்கும் இத்தன நாளா நான் பேசினது கேக்கலையாம்.

ஆனா ஹீவா அம்மா அதிகாரிக்கு எழுதின கடிதம் எழுதினதுதானே. போன செவ்வாய்க்கிழம கல்வி அதிகாரி தௌஃபா வந்து எறங்கிட்டார். அவளத் தனியாச் சோதிக்கணும், வாத்தியார் வெளிய நில்லுங்கன்னார். மைக்கை அவர் கழுத்துல மாட்டிட்டுத்தான் நான் வந்திருக்கணும். பதட்டத்துல என் கழுத்தோடவே வந்துட்டேன். அவர் கேள்வி கேக்கறது ஜன்னல் வழியாக் கேக்குது. எட்டேழு எவ்வளவுன்னார். நான் வாய்க்குள்ளயே “ஐம்பத்திநாலு, சொல்லும்மா, ஐம்பத்திநாலு”ன்னு முணுமுணுத்துட்டேன்.

“ஐம்பத்தாறு”ன்னா அவ.

“நிச்சயமா?”ன்னார் அதிகாரி.

“நிச்சயம்தான். சார்தான் வெளிய நின்னு ஐம்பத்திநாலுன்னு சொல்றாரு. பயத்துல சொல்றாரு. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

தௌஃபா எழுந்து வந்து கதவத் தொறந்தார். என் கழுத்தப் பாத்தார், பச்ச விளக்கப் பாத்தார். சிரிப்ப அடக்கிக்கிட்டு, “இந்தப் பொண்ணுக்குத் தலைநகரத்துல என்னய்யா வேல?”ன்னு மட்டும் கேட்டார். அவ அம்மா அன்னிக்கே எங்க வீட்டுக்குத் தேங்காய்ப்பால் ஊத்தி வேகவச்ச சேம்பிலைப் பொட்டலம் ஒம்பது கொண்டுவந்து வச்சாங்க. சாப்பிட எனக்கு யோக்கியதை இல்லதான். இருந்தும் சாப்பிட்டேன்.

தாங்கள் அனுப்பிய சிறு பெட்டி ஒரு பெண்ணைத் தாயோடு இருக்கவிட்டது, ஒரு வாத்தியாரையும் திருத்தியது. இதற்கு நன்றி சொல்ல என் தமக்கைக்குமுன் தலை குனிவதைத் தவிர வேறு வழி அறியேன். தங்கள் சபையார் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். கர்த்தர் தங்கள் முழங்காலுக்கு மாடிப்படியில்லாத வீட்டை அருள்வாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
மாலாகை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அதிகாரியின் அறிக்கை வந்தது. லேசியேலி இங்கேயே படிக்கலாமாம். நான் மட்டும் கணக்குப் பயிற்சிக்காக ஆறு வாரம் தலைநகருக்குப் போக வேண்டுமாம், வரும் வெள்ளிக்கிழமைக் கப்பலில். ஆகவே மேலே நான் திருந்தியதாக எழுதியவற்றை அடித்துவிட்டுப் படிக்கவும். என் வகுப்பை ஹீவா அம்மா பார்த்துக்கொள்வார். மைக்கைத் தன் கழுத்தில் மாட்டலாமா என்று அவர் கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாக லேசியேலி சொல்லியிருக்கிறாள்.