ஊத்தாதே வீட்டுக் கொன்றை

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். குடவாசல் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தைக் கண்டால் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரே மனிதர் என் மாமனார்தான்.

வாசலில் சரக்கொன்றை வைத்திருந்தார். எங்கள் ஊரில் எந்தச் செடியையும் நெல் நாற்றாகத்தான் நினைப்பார்கள். சுற்றி வரப்புக் கட்டித் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அப்படி இரண்டு கன்றுகள் அழுகிப்போயின. மூன்றாவதை மேடு போட்டு நட்டார். வளர்ந்து மரமான பிறகும், யார் குடத்தோடு வந்தாலும் "ஊத்தாதே, வேர் காயட்டும்" என்று கத்துவார். கடைசியில் அவர் பெயரே ஊத்தாதே.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது குளத்தங்கரையில் கேட்டார்கள்: "மரத்துக்கே தண்ணி காட்டாத வீடு, ஒனக்குச் சோறு போடுதாடி?" 'ஊத்தாதே மருமவ' என்று கூப்பிட்டால் குடத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

குடியிருக்கும் மனை முன்பிருந்தே குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த சமயம். மனை பண்ணையாருடையது. "எல்லாம் போன மாசம் போட்ட குடிசைங்க" என்று அவருடைய காரியக்காரர் மனு கொடுத்துவிட்டார். மாமா அசரவில்லை. "மரம் சாட்சி சொல்லும், புள்ள" என்றார்.

அதிகாரி வரும் நாள் பார்த்து மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. "சாட்சி செத்துப்போச்சே மாமா" என்றேன்.

"பூக்கப் போவுது, பேசாம இரு."

தெருப் பெண்கள் நம்பவில்லை. மரத்தைப் பிழைக்கவைக்கக் குடம் குடமாகத் தூக்கி வந்தார்கள். மாமா கோவணத்தோடு அடிமரத்தைச் சுற்றிப் படுத்துவிட்டார். ஜீப் வந்து நின்றது அப்போதுதான். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"மருமவளே, இங்க வா. ஐயா, இவ புருஷன் பொறந்த வருஷம் வச்ச மரம்."

"அவரு எங்கம்மா? பேரு, வயசு சொல்லு" என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் தேங்காய் வெட்டப் பட்டுக்கோட்டை போயிருந்தார். அவர் பெயரை என் வாயால் எப்படிச் சொல்வது? வயசுக்கு மரத்தைக் காட்டினேன். மரத்தையே புருஷன் என்கிறாளென்று தெருவே சிரித்தது. நிலம் பிளக்காதா என்றிருந்தது.

அதிகாரி இரண்டு கையாலும் அடிமரத்தைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. காரியக்காரரிடம் திரும்பினார். "போன மாசம் நட்டதா இது?"

பட்டா வந்தது. அதற்கு முன்பே மரம் மஞ்சளாகப் பூத்துத் தொங்கியது. மாமா ஒரு சரத்தை ஒடித்து என்னிடம் நீட்டினார். "ஊத்தியிருந்தா?" என்றார்.

வந்தவர் தாசில்தாரா, ஆர்.ஐ.யா? தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். பஸ்ஸில் யாராவது எந்த வீடு என்று கேட்டால், வெட்கமாக இருந்தாலும், 'ஊத்தாதே மருமவ' என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். அதை மட்டும் திருத்த வேண்டாம்.